முனீஸ்வரி பூசிய திருநீற்றுப் பட்டை

முனீஸ்வரிக்கு மன்னிக்கத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை, அவள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் மோசமாகச் செய்திருப்பேன். ஆண்டிபட்டிப் பக்கம், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் மில்லில் அவளோடு வேலை பார்க்கிறவள் நான். கஞ்சியில் நனைந்த நூல், நீராவியால் சூடேறிய எஃகு உருளைகள் மேல் ஓடிக் காயவேண்டும். அந்த உருளைகளைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டவள் முனீஸ்வரி. கடமலைக்குண்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள்.

ஆனி மாதம், தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் சென்சாரை மாட்ட சூரியபிரகாஷ் என்ற இன்ஜினியர் வந்தார். "நூலைப் பாக்குற மாதிரி மாட்டணும் சார். பளபளப்பான எஃகைப் பாத்தா சூட்டைக் கொறச்சுக் காட்டும். அதுமேல ஏதாச்சும் பூசினாத்தான் சரியாக் காட்டும்" என்றார். சூப்பர்வைசர் வினோத்ராஜ் கேட்டால்தானே? முதலாளியின் தங்கச்சி புருஷன் வேறு. "நூலுப் பக்கம் ஒரே பஞ்சுத் தூசி. உருளை ஓரத்துல நூல் படாத எடம் இருக்குல்ல, அங்கன மாட்டுங்க" என்று முடித்துவிட்டார். பெரிய மேதாவி!

அடுத்த மாதம் ஒருநாள் மீட்டர் எண்பதைத் தாண்டவே இல்லை. "எம்பது பத்தாது, இன்னும் ஆவியைத் தெற" என்றார் வினோத்ராஜ்.

"வேணாம் சார், அனல் மொகத்துல அடிக்குது."

"மீட்டரை விட ஒம் மொகம் பெருசா? தெற!"

திறந்தாள். ஒரு பாவு முழுக்கக் கருகியது. முதலாளி நல்லகண்ணு ஓடி வந்ததும் வினோத்ராஜ் கூசாமல் சொன்னார்: "மீட்டரைப் பாக்காம இவதான் தெறந்து விட்டுட்டா."

அன்றைக்கே அவளைக் கழிவுப் பஞ்சு குடோனுக்குத் தள்ளினார்கள். 'கருக்கினவ' என்று பேராகிவிட்டது. வேறு மில்லில் போய்க் கேட்டாள். அங்கேயும் அந்தப் பேர் முந்திக்கொண்டு போயிருந்தது. அவள் அழவே இல்லை. "இருக்கட்டும் மதினி. அந்தாளை எல்லாரு முன்னாடியும் நாற வைக்கிறேனா இல்லையா பாரு" என்றாள்.

ஆயுத பூசை வந்தது. எந்திரங்களைத் துடைத்துத் திருநீறும் சந்தனமும் பூசுவது எங்கள் வேலை. குடோன்காரி வரக்கூடாதென்று சட்டமில்லை. நாங்கள் மூன்று விரலால் இழுத்துவிட்டு நகர்ந்தோம். இவள் மட்டும் திருநீற்றைக் குழைத்து, சென்சார் பார்க்கும் அந்த ஓரத்தில், உருளையைச் சுற்றிக் கையகலத்துக்குப் பட்டை போட்டாள். "பக்தி முத்திப் போச்சு" என்று சிரித்தார் வினோத்ராஜ். ஆனாலும் சாமிக்குப் பூசியதை அழிக்கச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

விஜயதசமி காலையில் முதலாளியே சுவிட்சைப் போட்டார். எப்போதும் விடுகிற ஆவிதான். மீட்டர் எண்பதைத் தாண்டி, நூறைத் தாண்டி, நூற்று முப்பத்துநாலில் போய் நின்றது. "என்னய்யா இது?" என்று பதறினார் முதலாளி.

"சென்சார் கெட்டுப்போச்சு மச்சான். உருளைச் சூடு எப்பவும் எம்பதுதான்" என்றார் வினோத்ராஜ்.

இதற்காகத்தானே காத்திருந்தாள்! "எம்பதா சார்? டீ கிளாசுச் சூடுதானே. எந்திரத்தை நிப்பாட்டுறேன், உள்ளங்கையை வச்சுக் காட்டுங்க."

உருளை நின்றது. வினோத்ராஜின் கை பாதித் தூரம் போனது. அனல் பட்டதும் வெடுக்கென்று பின்னால் வந்தது. முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். வியர்த்து வழிந்தவர் உளறிவிட்டார்: "அன்னைக்கி மீட்டரு எம்பதுதான் காட்டுச்சு... அதான் தெறக்கச் சொன்னேன்."

"யாரு? நீங்களா சொன்னீக?" என்றார் முதலாளி.

அப்பாடா! எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

சூரியபிரகாஷை மறுபடி வரவழைத்தார்கள். "எங்க மாட்டணும்னு முனீஸ்வரியையே கேளுங்க" என்றார் முதலாளி. கடைசி உருளையை விட்டு நூல் வெளியே வரும் இடத்தைக் காட்டினாள். தூசியை ஊதித் தள்ள ஒரு காற்றுக் குழாய் வைக்கச் சொன்னாள். "மீட்டர் பெட்டியை மட்டும் வினோத்ராஜ் சார் மேசைக்கு நேரா மாட்டுங்க" என்றாள்.

சொந்தக்காரர் என்பதால் வினோத்ராஜை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதுவும் நல்லதாய்ப் போயிற்று. தினமும் காலையில், திரும்பக் கிடைத்த தன் பழைய இடத்தில், ஆவி வால்வில் கையை வைத்துக்கொண்டு, முப்பது பேருக்கும் கேட்கும்படி முனீஸ்வரி கூப்பிடுகிறாள்: "சார், எம்புட்டுக் காட்டுது? சத்தமாச் சொல்லுங்க!"

அவர் எழுந்து நின்று சொல்லும்வரை அவள் வால்வைத் திருப்புவதில்லை.