தனலட்சுமியின் மச்சம்

ஒரு மாதமாக போட்டோ எடிட்டிங் மென்பொருள் தேடினேன். கேமரா வாங்கியதைவிட அது பெரிய வேலை. மூன்றைச் சோதித்து, முகத்தில் உள்ள குறைகளைத் தானே நீக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். புதியவர்களுக்கு அதுதான் நல்லது என்று எல்லா விமர்சனங்களும் சொல்லின.

முதல் படம், பக்கத்து வீட்டுத் தனலட்சுமி. நர்சிங் விண்ணப்பத்துக்கு பாஸ்போர்ட் அளவு போட்டோ வேண்டும் என்றாள். எங்கள் ஊர் அட்டுவம்பட்டியிலிருந்து டவுன் ஸ்டுடியோவுக்கு எதற்கு அலைய வேண்டும் என்று நானே எடுத்து, பிரிண்டும் போட்டுக் கொடுத்தேன்.

இன்று காலை பஸ்ஸில் அவளுடைய அம்மா முருகேஸ்வரி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னக்கா, தனத்துக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருச்சா?"

"எங்க தம்பி! டென்த் சர்ட்டிபிகேட்டுல இடது கன்னத்துல மச்சம்னு போட்டிருக்கு. போட்டோவுல மச்சத்தக் காணோம். வேற போட்டோ கொண்டாங்கன்னு காலேஜுல சொல்லிட்டாங்க. திண்டுக்கல்லுல ஸ்டுடியோ தேடி எடுத்துட்டு வெரசா ஓடுறதுக்குள்ள விண்ணப்பம் வாங்குற கவுண்டர மூடிட்டாங்க. அதான் கடைசி நாளு."

மன்னிப்புக் கேட்டேன். தனம் என்ன சொன்னாள் என்றும் கேட்டேன்.

"உங்கள ஒண்ணும் சொல்லல தம்பி. கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு, 'அந்த மச்சம் அவ்வளவு அசிங்கமாவாம்மா இருக்கு?'ன்னு கேட்டா."

எட்டு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். படத்தில் மச்சம் இல்லாததை நான் கவனிக்கவே இல்லை.

கேட்காமல் முகத்தில் கை வைக்காத மென்பொருள் தெரிந்தால் சொல்லுங்கள். நான் படித்த விமர்சனங்களில் யாரும் அதை ஒரு வசதியாகக் குறிப்பிடவில்லை.