வெட்டாத மூச்சு

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். வைத்தவர் இசையமைப்பாளர். பாடகிகள் வரிக்கு வரி இழுக்கும் மூச்சைக் கணினியில் தடம் தெரியாமல் வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பாடகர்களின் மூச்சை மட்டும் தொடக்கூடாது. அது உணர்ச்சியாம். பெண்பிள்ளை மூச்சு விட்டால் இரைச்சலாம். என்ன நியாயமோ போங்கள்! சேர்ந்த புதிதில் ஒருமுறை கேட்டும் பார்த்தாள். “கேக்கறவங்களுக்கு அப்படித்தாம்மா பிடிக்குது” என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கூடத்தில் கணினி முன்னால் உட்கார்ந்த ஒரே பெண் அவள். அந்த நாற்காலிக்காகப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அவளுடைய தங்கையும் அங்கேதான் கோரஸ் பாடினாள். குரல் நல்ல குரல், வாய் அதைவிடப் பெரிசு. “நான் உயிரோட இருக்கறதுக்கு மூச்சுதான் ஒரே சாட்சி. அதையும் எங்க அக்காவே வெட்டறா” என்று எல்லோரையும் சிரிக்க வைப்பாள்.

அந்த மழைக்காலத்தில் தங்கைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தாடையில் வலி, முதுகில் வலி, படியேறினால் அசதி. நெஞ்சு வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள். “டென்ஷன்தாம்மா. பொம்பளைங்களுக்கு இந்த வயசுல வர்றதுதான்” என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை தீருவதற்குள் கடைக்குப் போனவள் வாசலிலேயே சரிந்தாள். இதயம்.

எல்லாம் முடிந்தபிறகு பெரிய மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மாதான் உட்கார வைத்து விளக்கினார். “ஆராய்ச்சியெல்லாம் ரொம்ப காலம் ஆம்பளைங்கள வச்சுத்தாம்மா பண்ணாங்க. பொம்பளைங்களுக்கு அறிகுறி வேற மாதிரியும் வரும். பல பேர் கவனிக்கறதில்ல.”

கவனிக்கிறதில்லையாமே! அவள் கவனித்தாளே. தங்கையின் மூச்சு பாட்டுக்குப் பாட்டு குறுகிக்கொண்டே வந்தது ஹெட்போனில் துல்லியமாகக் கேட்டதே. கேட்டு, வேலை கூடிவிட்டதே என்று அலுத்துக்கொண்டு, வெட்டினாள்.

அதன்பின் அந்த மூச்சு அவளை விடவில்லை. யார் பாட்டை எடுத்தாலும், வெட்டிய இடத்தில் அது கேட்கும். திரையில் பார்த்தால் ஒலியைக் காட்டும் கோடு நேராகக் கிடக்கும், ஒரு அசைவும் இருக்காது. ஹெட்போனை மாற்றினாள். ஒயரை மாற்றினாள். காது டாக்டரிடம் போனாள். அவரும் டென்ஷன் என்றார். அழுவதா சிரிப்பதா? “மெதுவாடி, அக்கா இங்கதான் இருக்கேன்” என்று காலி அறையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

தங்கையின் இடத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள், கைக்குழந்தைக்காரி. ஒரு காலைப் பதிவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்தபோது, வரிக்கும் வரிக்கும் நடுவே அதே குட்டி மூச்சு. கத்தரி வழக்கம்போல, “மெதுவாடி” என்று முணுமுணுத்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். கோடு நேராக இல்லை. மூச்சு விட்ட இடத்திலெல்லாம் துடித்து எழும்பியிருந்தது. இது பிரமை இல்லை, இந்தப் பெண்ணின் மூச்சேதான்.

“பாட்டு அருமை. மூச்ச மட்டும் வெட்டிடும்மா” என்றார் இசையமைப்பாளர்.

பழக்கத்தில் கை மவுஸுக்குப் போனது. பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடும் அறைக் கதவைத் திறந்தாள்.

“தாடை வலிக்குதா உனக்கு?”

அந்தப் பெண் திகைத்தாள். “உங்களுக்கு எப்படிக்கா தெரியும்? டாக்டர்கிட்ட காட்டினேன். டென்ஷன்னு சொல்லிட்டார்.”

“செருப்ப மாட்டு. கிளம்பு.”

“சாயங்காலம் பாட்டக் கொடுத்தாகணும்மா. வேற ஆள உக்கார வைக்கட்டுமா?” என்றார் இசையமைப்பாளர். குரலில் கோபம்கூட இல்லை.

“வச்சுக்குங்க சார். இத நான் வெட்டறதா இல்ல.”

டாக்டரம்மாவின் மருத்துவமனைக்கு வண்டி பிடித்தாள். பின்சீட்டில் அந்தப் பெண் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். கத்தரி அவள் கையை இறுகப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே வந்தாள். வண்டிக்குள் தன்னுடையது போக இரண்டு மூச்சு கேட்டது. எது யாருடையது என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. போய்ச் சேரும்வரை இரண்டும் நிற்காமல் இருந்தால் போதும்.