பூவோடு வா என்று சொல்லப் போன பயணம்

1997-ஆம் வருஷம் ஜூன் மாச மழையில் என் மனைவி செல்வி என்னை விட்டுப் போனாள். இடுப்பில் எங்கள் பெண் கவிதா. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. செல்வியின் அண்ணன் முருகன் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஓசூர் தாண்டி பொம்மசந்திராவில் எங்கள் வாடகை அறையின் வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். குழந்தை மட்டும் திரும்பிப் பார்த்து டாட்டா காட்டியது. கடைக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டது போல.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே, ஆண்டவர் என் வாழ்க்கையில் செய்ததை ஒரு சாட்சியாக எழுதித் தரச் சொன்னார் உங்கள் டீச்சர். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளைகள் கவிதாவும் பிரவீனும் உங்களோடு பாயில் உட்காருகிறவர்கள்தான். அவர்களுக்கும் இந்தக் கதை முழுசாகத் தெரியாது. நாங்கள் ஒரே குடும்பமாக இருப்பதே கர்த்தர் செய்த காரியம் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

நான் டப்பா மூடி அடிக்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். கல்யாணம் ஆன மறு வருஷம் செல்வி பிரசவத்துக்குத் திருப்பத்தூர் பக்கம் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் இங்கே தனியாக இருந்தபோது டைபாய்டு வந்து படுத்துவிட்டேன். அப்போது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர் எஸ்தர் அக்கா. தங்கவயலிலிருந்து வந்து குடியேறியவர், நம் சபை விசுவாசி. கஞ்சி கொடுத்துவிட்டு ஜெபித்துவிட்டுப் போவார். யாரோ ஒருவனுக்காக இந்த அம்மா ஏன் மாடிப்படி ஏறி வருகிறார் என்று யோசித்து யோசித்துத்தான் நான் ஆண்டவரிடம் வந்தேன். ஞானஸ்நானமும் எடுத்தேன். செல்விக்குப் போனில் சொன்னேன். "சரி, உங்க இஷ்டம்" என்றாள்.

என் உடம்பு தேறி, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து, குழந்தைக்கு ஒன்றரை வயது ஆன பிறகுதான் அவளையும் குழந்தையையும் கூட்டிவந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை அவளாகவே, "நானும் வர்றேன், உங்க சாமி வூட்ட நானும் பாக்கறேன்" என்றாள். கல்யாணப் பட்டுப்புடவை. தலை நிறையக் கனகாம்பரம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். விசுவாசத்துக்கு வந்த பெண்கள் நகை போடுவதில்லை, பூ வைப்பதில்லை. வெள்ளைப் புடவையில் வருவார்கள். சிலர் தாலியையும் கழற்றி வைத்துவிடுவார்கள். கர்த்தருக்காக மனதாரச் செய்கிறவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் செல்வி பிறந்த ஊரில் தாலி ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் கழுத்திலிருந்து இறங்கும். புருஷன் செத்தால்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவதால் அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, செல்வி என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஞானஸ்நானம் எடுக்கறதுன்னா பூ, பொட்டு, நகை எல்லாம் எடுத்துரணுமாம். தாலியும் சேத்துதானாம். அந்த எஸ்தர் அக்கா சொல்றாங்க. நீங்க உசுரோட இருக்கும்போதே நான் தாலிய கழட்டணுமா? உங்க சாமி அதத்தான் கேக்குதா?"

விசுவாசத்தில் நானே சின்னப் பிள்ளை. "பாஸ்டரக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "என் தாலிக்கு பாஸ்டரக் கேக்கணுமா?" என்றாள். அந்த வாரமே அண்ணனுக்குச் சொல்லி அனுப்பி, போய்விட்டாள். முருகன் மச்சான் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "அந்தச் சாமிய வுட்டுட்டு வா மாப்ள. வந்து கூட்டிகினு போ."

பிள்ளைகளே, தனிமை என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. ஷிப்ட் முடிந்து வந்தால் அறை அப்படியே இருக்கும். போட்ட தம்ளர் போட்ட இடத்தில். சத்தம் இல்லாத அறைக்குப் போகப் பிடிக்காமல், மார்க்கெட் வரைக்கும் பஸ்ஸில் போய் அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். வேலை ஒன்றும் கிடையாது. கூட்டத்தில் யாராவது பேசுவது காதில் விழுமே, அதற்காக. ஒரு அம்மா தன் பெண்ணை அதட்டினால்கூட கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கம்பெனியில் நாகராஜ் என்று ஒருவன். பக்கத்து பிரஸ். "ஏன்ப்பா, சர்ச்சுக்குப் போனா பொண்ணு கெடைக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ போனதுல இருந்த பொண்டாட்டியும் போயிட்டாளே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி மூடி அடித்தேன்.

திருப்பத்தூரில் அவர்கள் தெருவில் ஒரு மளிகைக் கடைக்குப் போன் செய்வேன். முருகன் மச்சான் வந்து எடுப்பார். "வுட்டுட்டியா?" என்பார். "இல்ல மச்சான்" என்பேன். வைத்துவிடுவார்.

சபைக்குப் போனாலாவது ஆறுதல் இருக்கும் என்று போனேன். சகோதரர்கள் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் செல்விக்காக ஜெபிக்கும்போது, "கர்த்தாவே, அந்தச் சகோதரியின் கடின இருதயத்தை உடைத்துப்போடும்" என்று ஜெபிப்பார்கள். எல்லோரும் ஆமென் சொல்வார்கள். எனக்கு அந்த ஆமென் வாயில் வரவே வராது. அவளுடையது கடின இருதயம் இல்லை, பயந்த இருதயம். இதை அங்கே யாரிடம் சொல்வது? ஊரில் நான் மதம் மாறினவன். இங்கே ஆமென் சொல்லாதவன். இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல் நின்றேன்.

விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழந்தை மடியில் இருக்கும். ஆனால் கஞ்சி குடித்த அந்த நாட்களில் ஆண்டவர் என் பக்கத்தில் இருந்தார் என்பதை நான் எப்படி இல்லை என்று சொல்வேன்? அதுவும் முடியவில்லை. அறையில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அவளை மாற்றும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பதில் இல்லை. ஒரு நாள் காலையில் அழுது களைத்துப்போய், "சரி ஆண்டவரே, நான் என்ன செய்யணும், அதையாவது சொல்லும்" என்று கேட்டேன். சத்தமோ தரிசனமோ ஒன்றும் வரவில்லை. ஆனால் மனதில் ஒன்று தெளிவாக நின்றது. நீ போ. அவளைக் கூப்பிட அல்ல, அவள் பயத்தைத் தீர்க்கப் போ.

அதற்கு முதலில் எஸ்தர் அக்காவிடம் பேச வேண்டும். செல்வி எதனால் போனாள் என்று நான் அதுவரை அவரிடம் சொல்லவில்லை. என்னைப் பிழைக்க வைத்தவர் மனதை எப்படி நோகடிப்பது? ஆனாலும் அன்றைக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டேன்.

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. "நான் நல்லதுக்குத்தான்ப்பா சொன்னேன்" என்றார். அரிசிப் பாத்திரத்தை ஒதுக்கி வைத்தார். பிறகு, "நானும் கழட்டினேன். ஆனா நானா கழட்டினேன்ப்பா. வருஷக்கணக்கா ஜெபம் பண்ணி, எங்க வூட்டுக்காரர்கிட்ட கேட்டு, அப்புறம்தான். யாரும் எங்கிட்ட வந்து சொல்லல. நான் மட்டும் சும்மனே இருக்காம முத நாளே அந்தப் பொண்ணுகிட்ட ஏன் வாய வெச்சேன்?" என்று அழுதார். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்தார். "எப்போ போற? நானும் வர்றேன்."

சில சகோதரர்கள் வேண்டாம் என்றார்கள். கெஞ்சிக்கொண்டு போனால் சாட்சி கெட்டுவிடும், விசுவாசிகளின் பேர் போய்விடும் என்றார்கள். பாஸ்டர் மட்டும், "போயிட்டு வாங்க, நான் ஜெபிக்கிறேன்" என்றார்.

ஓசூர் போய், கிருஷ்ணகிரி போய், திருப்பத்தூரில் டவுன் பஸ் மாறி மத்தியானத்துக்கு ஊர் சேர்ந்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் கால் நகரவில்லை. ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. அங்கே சுற்றிலும் பாட்டுப் பாடினார்கள். இங்கே வெயில் மட்டும்தான் இருந்தது. ஆண்டவரே வாரும் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

வாசலில் முருகன் மச்சான். "இன்னா மாப்ள, தனியா வந்தா பத்தாதுன்னு ஆளக் கூட்டிகினு வந்தியா? மந்திரம் போடவா?"

என் மாமியார் வெளியே வந்தார். எஸ்தர் அக்காவைப் பார்த்தார். வெள்ளைப் புடவை, வெறும் கழுத்து, வெறும் காது. மாமியார் முகம் இளகிவிட்டது. "ஏம்மா, வெயில்ல நிக்கறியே, உள்ள வா" என்று கையைப் பிடித்துத் திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாக, "உன் வூட்டுக்காரரு தவறி எத்தினி வருஷமாச்சு தாயி?" என்று கேட்டார்.

"ஐயோ அம்மா! அவரு கல்லு மாதிரி இருக்காரு. இந்நேரம் நான் ஆக்கி வெச்சிட்டு வந்த சோத்தத் தின்னுட்டு டிவில கிரிக்கெட் பாத்துகினு இருப்பாரு!"

உள்ளே யாரோ சிரித்துவிட்டார்கள். செல்வியின் சிரிப்பு. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அதைக் கேட்கிறேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சிரிங்க, சிரிங்க" என்றார் அக்கா. "நான் கழட்டினப்போ எங்க மாமியா தெருவுல உக்காந்து ஒப்பாரி வெச்சாங்க. எம் புள்ளைய உசுரோட சாவடிச்சிட்டாளேன்னு." அப்போது செல்வி கதவோரம் வந்து நின்றாள். அக்கா எழுந்து அவளிடம் போனார். "தங்கச்சி, அன்னைக்கு நான் பேசினது தப்பு. நீ பூவோட வா. பொட்டோட வா. ஒரு நாளும் சர்ச்சுக்கு வராம வூட்டுல இருந்தாலும் சரி. உன் தாலியப் பத்தி எவளாச்சும் பேசினா எங்கிட்ட சொல்லு. மன்னிச்சிரும்மா."

செல்வி என்னைப் பார்த்தாள். "அவங்க சொல்லிட்டாங்க. நீங்க இன்னா சொல்றீங்க? பாஸ்டரக் கேட்டுட்டு சொல்றீங்களா?"

"யாரையும் கேக்கல செல்வி" என்றேன். "நான் கட்டினது. நான் இருக்கற வரைக்கும் உன் கழுத்துல இருக்கட்டும். என் ஆண்டவர என்னால வுட முடியாது. உன்னையும் வுட முடியாது."

அவள் உள்ளே போய்விட்டாள். மாமியார் சாப்பாடு போட்டார். முருகன் மச்சான் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். கவிதா என்னை அடையாளம் தெரியாமல் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் கை நீட்டினால் அழுதாள். கிளம்பும்போது செல்வி, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா தூங்கிவிட்டார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போனால் கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். வெறும் கையோடு வருகிறேன். ஆனாலும், பிள்ளைகளே, நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி உம்முடைய சித்தம் என்றேன். அந்த அறை அதே அறைதான். அதே தம்ளர்தான். ஆனால் மார்க்கெட் பஸ்ஸில் சும்மா போய் வருவதை நிறுத்திவிட்டேன். சாயங்காலம் உட்கார்ந்து வேதம் வாசிக்க முடிந்தது.

வாரங்கள் போயின. கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹார்டுவேர் கடை மாடியில் அப்போது நம் சபை. நான் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தேன். என் முழங்காலில் ஒரு சின்னக் கை பட்டது. கண்ணைத் திறந்தால் கவிதா. பெண்கள் பக்கத்திலிருந்து பாயைத் தாண்டி நடந்து வந்திருக்கிறாள். அழவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை வெள்ளைப் புடவைக்கும் பின்னால், கடைசி வரிசையில், தலை நிறையக் கனகாம்பரம். எஸ்தர் அக்கா நகர்ந்து அவளுக்குப் பாயில் இடம் விட்டிருந்தார். அன்றைக்குச் சபையில் யார் எதற்கு ஜெபித்தார்களோ தெரியாது, நான் ஆமென், ஆமென் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

முருகன் மச்சான் பையோடு கீழே கடை வாசலில் நின்றார். மேலே ஏறவில்லை. "அவ வரேன்னா. கொண்டாந்து வுட்டேன். அழ வெச்சா தெரியும் சேதி" என்று சொல்லிவிட்டு ஓசூர் பஸ் ஏறிப் போனார்.

செல்வி பல வருஷம் பூவோடுதான் சபைக்கு வந்தாள். சில நாள் வரமாட்டாள். நான் ஏன் என்று கேட்க மாட்டேன். பிரவீன் பிறந்த பிறகு ஒரு நாள், அடுப்படியில் நின்றபடியே, "நானும் ஞானஸ்நானம் எடுக்கறேன்" என்றாள். யாரும் சொல்லி அல்ல. எதை வைப்பது, எதை எடுப்பது என்பதை அவளும் ஆண்டவரும் பேசிக்கொள்ளட்டும் என்று நான் விட்டுவிட்டேன். இன்றைக்கு வரை அதில் நான் தலையிட்டதில்லை.

பதில் கிடைத்த ஜெபத்தைச் சொன்னேன். இன்னும் கிடைக்காததையும் சொல்ல வேண்டும். கவிதா, பிரவீன், உங்கள் முருகன் மாமா ஏன் நம் வீட்டுக்குள் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் தங்கச்சியை இழந்துவிட்டதாக நினைக்கிறார். அவருடைய பயத்துக்கு இன்னும் யாரும் போய் பதில் சொல்லவில்லை. அவருக்காக ஜெபிக்கும்போது எனக்கு அந்தப் பழைய தனிமை திரும்ப வருகிறது. இந்த லீவில் நான் போகப் போகிறேன். என்ன சொல்லுவாரோ தெரியாது.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு நாள் வரும். விசுவாசத்தினால் வீட்டில் தனியாக, ஸ்கூலில் தனியாக நிற்பீர்கள். அப்போது ஆண்டவரை விடாதீர்கள். உங்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்களையும் விடாதீர்கள். அவர்கள் உடைய வேண்டும் என்று ஜெபிக்காமல், நீங்கள் அவர்கள் வாசல் வரைக்கும் நடந்து போங்கள். பயமாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த வெயிலில் நான் தனியாக நடக்கவில்லை. நீங்களும் நடந்து பாருங்கள், தெரியும்.