மரியதாஸ் அண்ணனுக்கு அம்மன் வந்த நாள்

போன செவ்வாய்க்கிழமை, காலை ஷிஃப்டில் இருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. மரியதாஸ் அண்ணன் தவறிவிட்டார். டெங்கிக் காய்ச்சல், நாலே நாள். செனாவாங் தொழிற்பேட்டையில் அவரோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர்களுக்கும் கோலா சாவாவில் அண்டை வீட்டில் இருந்தவர்களுக்கும் அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் அவருக்கு மாரியம்மன் வந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். பக்கத்தில் நின்றவன் நான். அதையாவது சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் உடல் எடையைக் குறைக்க ஒரே வாரத்தில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஒரே வார்டு, அடுத்தடுத்த கட்டில். அவர் நூற்று நாற்பது கிலோ, நான் நூற்று முப்பத்தைந்து. அந்த ஐந்து கிலோவுக்காக என்னை ‘ஒல்லி’ என்றுதான் கூப்பிடுவார். மறுநாள் தாதி, மருந்து ஊற்றும் குட்டிக் கோப்பையில் தண்ணீர் கொடுத்து, கால்மணி நேரம் வைத்துக் குடிக்கச் சொன்னார். ஒரே மூச்சில் இரண்டு பெரிய குவளை தே தாரேக் பால்டீயை இறக்கிய மனிதர், அந்தக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “சியர்ஸ் ஒல்லி. மெதுவா குடி லா, ஏறிடப் போவுது” என்றார். சிரித்ததில் எனக்குத் தையல் வலித்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. மருத்துவமனை உணவு ஆலோசகர் சொன்னது எளிய விஷயம். முதலில் முட்டை, மீன், கோழி, இடமிருந்தால் காய், அதற்கும் பிறகுதான் சோறு, அதுவும் இரண்டு கரண்டி. என் அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவி எனக்குச் சோறு போட்டவள். “அந்தப் பொண்ணு புள்ள பெத்திருக்கா? அவளுக்கு என்னா தெரியும்?” என்று ஆலோசகரை ஒரே வரியில் தள்ளிவிட்டாள்.

குழைந்த சோற்றை நாலு வாய் வாங்குவேன். நெஞ்சில் அடைக்கும். குளியலறைக்கு ஓடுவேன். “வெறும் வயிறு, அதான் வாந்தி” என்று மறுபடியும் சோறு வரும். இரண்டு மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, மாடிப்படி ஏறினால் கால் நடுங்கியது. இப்படியே போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டித்துவிட்டார். முப்பத்தெட்டு வயதில் அம்மா கையால் சோறு தின்றே சாகப்போகிறேன் என்று பயந்தேன். அவளிடம் வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. மரியதாஸ் அண்ணனிடம் மட்டும் சொல்லி அழுதேன்.

அந்தச் சமயத்தில் கோலா சாவா தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. அண்ணன் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். ஆனாலும் வருஷா வருஷம் கோயிலுக்கு வெளியே கார், மோட்டார் நிறுத்துவதைக் கவனித்துக்கொள்பவர் அவர்தான். வெயிலில் நின்றவருக்கு ஒரு புண்ணியவதி பாயசக் குவளையை நீட்டினாள். மறுத்தார். “பிரசாதண்ணே, வேணாம்னு சொல்லக் கூடாது.” நம் ஆட்களிடம் இதற்கு மேல் வாதாட முடியுமா? குடித்துவிட்டார்.

எங்களைப் போல இரைப்பையைச் சுருக்கிக் குடலை மாற்றித் தைத்தவர்களுக்கு இனிப்பு விறுவிறுவென்று இறங்கினால் வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், கைகால் உதறும். கொஞ்ச நேரம் படுத்தால் அடங்கிவிடும். படுக்க விட்டால்தானே! மனிதர் நடுங்கத் தொடங்கியதும், அம்மன் இறங்கிவிட்டாள் என்று உறுமி மேளக்காரர்கள் ஓடி வந்து வேகத்தைக் கூட்டினார்கள். ஒருத்தி வேப்பிலையைக் கையில் திணித்தாள். ஒரு பெரியவர் அவர் கழுத்துச் சிலுவையை மரியாதையாகச் சட்டைக்குள் தள்ளிவிட்டு விபூதி பூசினார். “ஒடம்பு சரியில்ல, தள்ளுங்க” என்று நான் கத்தியது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒருவழியாக மேளத்தை நிறுத்தி, அவரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என் அம்மா வந்து கைகூப்பி நின்றாள். “தாயே, எது குடுத்தாலும் எம்புள்ள வாந்தி எடுக்கறான். நான் என்னா கொற வச்சேன்? அவன் பொழைப்பானா?”

அவளும் பயந்துபோயிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தலை தொங்கிக் கிடந்த அண்ணன் அடித்தொண்டையில் சொன்னார். “முட்டை... மொதல்ல முட்டை குடு. மீனு குடு. சோறு கடைசி.”

கிடா கேட்கிற சாமி தெரியும், கோழி கேட்கிற சாமி தெரியும். முட்டை கேட்ட சாமியை அன்றுதான் பார்த்தோம்.

“எத்தன வாய் தாயே?” என்றாள் அம்மா.

“அவன் போதும்னா... விட்டுரு.”

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் மாறியது. ஒரு முட்டை, பிறகு ஒரு துண்டு மீன். நான் போதும் என்றால் தட்டு போய்விடும். சில மாதங்களில் முடி முளைத்தது, கால் நடுக்கம் நின்றது. “நெனவோடதான சொன்னீங்க?” என்று அண்ணனைப் பலமுறை கேட்டிருக்கிறேன். “யாருக்குத் தெரியும் லா” என்று மழுப்பிவிடுவார். அடுத்த ஞாயிறே ஃபாதரிடம் பாவமன்னிப்புக்குப் போனாராம். ஃபாதர் சிரித்த சத்தம் வெளியே வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டதாக அவர் மனைவி சொன்னார்.

அடக்கத்துக்கு அம்மாவும் வந்தாள். பெட்டியருகே நெடுநேரம் நின்றாள். காரில் ஏறியதும் சொன்னாள்: “வேதக்காரப் புள்ளைக்கு மாரியாத்தா எதுக்குய்யா வரப்போறா? எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“அப்புறம் ஏம்மா கேட்டு நடந்த?”

“அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு சொன்னது சரின்னு ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. வீம்பா பேசிட்டேன், எப்படி எறங்கி வர்றது? அந்தப் புள்ளதான் வழி விட்டுச்சு.” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அண்ணே, உங்களிடமிருந்து பெற்று நான் வைத்துக்கொண்டிருப்பது என் உயிர். அதோடு, யார் தோற்றது என்று ஒருவரும் சொல்லிக்காட்டாமல் அம்மாவும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு.