ஆணியில் தொங்கிய சாவி

எட்டாம் வகுப்புக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. சிவப்பு ரிப்பன் கட்டிய சாவி ஒன்று அதில் தொங்கும். மாணவிகள் கழிப்பறைச் சாவி. வெளியாட்கள் நுழைந்துவிடாமல் இருக்கப் பூட்டு. ஆனால் எந்தப் பெண்ணும் வாய்திறந்து கேட்கக் கூச்சப்படக்கூடாது என்று எங்கள் தலைமையாசிரியை சாவியை அங்கே மாட்டியிருந்தார். திருப்பரங்குன்றம் தாண்டி ஓர் அரசு நடுநிலைப்பள்ளி அது. நான் அங்கே அறிவியல் ஆசிரியை. தலைமையாசிரியையை ஊரே பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

கழிப்பறை கட்ட நிதி வந்தது. சுவரில் பூவும் பட்டாம்பூச்சியும் வரைய நிதி வந்தது. கழுவ வரும் அம்மாவின் சம்பளம் மட்டும் மாதக்கணக்கில் வரவில்லை. அவர்தான் எத்தனை நாள் சும்மா கழுவுவார்? நின்றுவிட்டார். பெயிண்டுக்கு வந்ததில் மீதம் இருந்தது, அதைத் தொடக்கூடாதாம். அந்த நிதித் தலைப்பு வேறாம், இந்த நிதித் தலைப்பு வேறாம். "பட்டாம்பூச்சியா வந்து கழுவும்?" என்றார் பெரிய டீச்சர். நாற்றம் தாங்காமல் சில வாரம் பூட்டியே கிடந்தது. அந்த வாரங்களில் எட்டாம் வகுப்பின் முதல் பெஞ்சுக்காரி ஒருத்தி, களையெடுக்கப் போகிறவரின் மகள், பாதி நாள் வரவில்லை. வயதுக்கு வந்த பிள்ளை. வந்த நாளிலும் சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஒருநாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வகுப்பிலேயே சுருண்டு விழுந்தாள். மறுநாள் காலை, பிள்ளைகள் வருமுன், பெரிய டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே கழுவ ஆரம்பித்தார். அதன்பின் அந்தப் பிள்ளை ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை.

ஒரு காலை மோட்டார் ஓடவில்லை. சீக்கிரமே வந்துவிட்ட அவள், டீச்சர் தடுக்கத் தடுக்க, அடிகுழாயிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிவந்து கழிப்பறை வாசலில் வைத்தாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எவனோ கைபேசியில் படம் பிடித்துவிட்டான். சாயங்காலத்துக்குள் மதுரை முழுக்க அந்தப் படம். மாணவியைக் கழிப்பறை கழுவ வைத்தாராம்! டீச்சரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். நானாகத்தான் தூக்கினேன் என்று விசாரணைக்கு வந்தவர்களிடம் அவள் அழுதாள். நாங்களும் எழுதிக் கொடுத்தோம். கேட்க ஆளில்லை. கழுவுகிறவருக்குச் சம்பளம் ஏன் வரவில்லை என்று மட்டும் ஒருவரும் விசாரிக்கவில்லை.

கிளம்பும்போது பெரிய டீச்சர் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "அந்தச் சாவி ஆணியிலயே கெடக்கட்டும், பாத்துக்கம்மா."

அடுத்து வந்த தலைமையாசிரியர் பயந்த மனிதர். திறந்து வைத்தால்தானே வம்பு? பூட்டி, சாவியைத் தன் பீரோவுக்குள் வைத்துக்கொண்டார். நாங்கள் எம்புட்டோ கேட்டுப் பார்த்தோம். கழுவுகிறவருக்குச் சம்பளம் வரட்டும் என்றார். இன்னும் வரவில்லை. அவள் கொஞ்ச நாள் விட்டு விட்டு வந்தாள், பிறகு வரவேயில்லை. வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் கெஞ்சியும் பார்த்தேன்.

போன வாரம் கப்பலூர் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். ஏதோ ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாளாம். திரும்ப வா, நானே சேர்த்துவிடுகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

"வாரேன் டீச்சர். சாவி இப்ப ஆணியில தொங்குதா?"

நான் அவள் கையை விட்டுவிட்டேன். கம்பெனி வேன் வந்து நின்றது.

"எங்க கம்பெனியில எந்நேரமும் தெறந்துதான் கெடக்கு டீச்சர்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

அந்த ஆணி அப்படியேதான் இருக்கிறது. இப்போது அதில் காலண்டர் மாட்டியிருக்கிறார்கள்.