வெள்ளைத் துண்டு கைமாறிய காலை

1998-ம் வருடம், மே மாதம். எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்போது நானும் என் கணவரும் திண்டுக்கல் நாகல் நகரில் எஸ்.டி.டி. பூத் நடத்திக்கொண்டிருந்தோம். வருடம் முழுக்க அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்தவர் வீட்டுக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. பத்து நாளாவது எங்கேயாவது போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கொழுந்தனாரைப் பூத்தில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

போன இடம் என் பள்ளித் தோழியின் தோட்டத்து வீடு. குளத்துக் கரையை ஒட்டித் தென்னந்தோப்பு. அதற்குள் மோட்டார் ரூமோடு சேர்த்துக் கட்டிய இரண்டு அறைகள், ஓர் அடுப்படி, முன்னால் கீற்றுக் கொட்டகை. கோடை முழுக்க அவளும் அவள் கணவரும் அங்கேதான் இருப்பார்கள். குளம் என்றதும் படிக்கட்டு வைத்த கோயில் குளத்தை நினைத்துவிடாதீர்கள். இந்தக் கரையில் நின்று பார்த்தால் அந்தக் கரையில் மேய்கிற மாடு புள்ளியாகத்தான் தெரியும். அவ்வளவு பெரிது. எங்கள் பக்கத்தில் இதைத்தான் குளம் என்போம்.

காலையில் பம்புசெட்டில் குளியல், மதியம் கொட்டகையில் சீட்டுக்கட்டு, சாயங்காலம் கரைமேல் நடை. தண்ணீர்மேல் உரசிக்கொண்டு வரும் காற்றில் என் கணவர் உட்கார்ந்தபடியே தூங்கிப் போவார். குழந்தைகள் நுங்கும் கையுமாக அலைந்தார்கள். தோழியின் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். நாங்கள் சத்தம் போட்டுச் சீட்டாடுவதைப் பார்த்துச் சிரித்தபடி தேங்காய் உரித்துக்கொண்டிருப்பார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டாம் நாளே அடுப்படியைக் கைப்பற்றிவிடுவேன். அதிலும் என் மீன் குழம்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நாலாம் நாள், வியாழக்கிழமை. தோழியும் அண்ணனும் சாமான் வாங்க எரியோட்டுக்குப் போயிருந்தார்கள். நான் துணி அலசக் குளத்துக்குப் போனேன். வெயிலில் தண்ணீர் வற்றி உள்வாங்கியிருந்தது. மடைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் மட்டும் கணுக்கால் அளவுத் தண்ணீர் தனியாகத் தேங்கிக் கிடந்தது. அதற்குள் ஒரு விரால் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. முழங்கை நீளம் இருக்கும். இன்னும் இரண்டு நாளில் இந்தப் பள்ளமும் காய்ந்து, தானாகச் செத்து நாறப் போகிற மீன்தானே என்று நினைத்தேன். பழைய சேலையை விரித்து, இரண்டு முறை வழுக்கி விழுந்து, சேறும் சகதியுமாக அதைப் பிடித்தேவிட்டேன். ஊரையே வென்றுவிட்ட மாதிரி ஒரு மிதப்பு.

மாங்காய் போட்டு, மசாலாவை அம்மியில் வைத்து அரைத்துக் குழம்பு வைத்தேன். வாசம் தோப்பு முழுக்கப் பரவியது. தோழி வந்து இறங்கியதும், "இன்னைக்கு வெஞ்சனம் என்னன்னு மோந்து பாத்துச் சொல்லு பாப்போம்" என்று சட்டியைத் திறந்து காட்டினேன்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்கடி புடிச்ச?"

"இந்தா, மடைக்கிட்ட."

கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு, வாசல் பக்கம் அண்ணன் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தாள். அவர் வாய்க்கால் ஓரம் யாரோடோ பேசிக்கொண்டு நின்றார். என்னை அடுப்படிக்குள் இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டபோதுதான், நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பதே எனக்குப் புரிந்தது.

குளம் நிறைந்த வருடத்தில், கோடையில் தண்ணீர் இறங்கியதும் அங்கே மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர் கூடி நாள் குறித்துவிட்டால், அந்த நாள் வரைக்கும் மீனுக்காக யாரும் குளத்தில் கை நனைக்கக் கூடாது. அன்றைக்கு விடிந்ததும் கரையிலிருக்கும் கன்னிமார் கோயிலில் பூசை போட்டு ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதற்குப் பிறகுதான் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டில் சமைத்து, கிடைக்காதவர்களுக்கும் கொடுத்துச் சாப்பிட வேண்டும். துண்டு வீசும் உரிமை சில குடும்பங்களுக்கு முறை வைத்து வரும். மழை பொய்த்த வருடங்களில் முறை அப்படியே நிற்கும். அப்படி நின்று நின்று, தோழியின் மாமனார் தன் முறை வராமலேயே கண்ணை மூடியிருந்தார். அந்த முறை இப்போது அண்ணனுக்கு வந்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை.

துண்டு வீசுகிறவர் அதற்கு முன் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். என்ன சத்தியம் தெரியுமா? "என் வீட்டு அடுப்புல இந்தக் குளத்து மீனு வேகல" என்று.

நான் சமைத்தது அவர் வீட்டு அடுப்பில்.

"இங்க இருக்கவங்களுக்கு யாரும் சொல்லித் தரணும்னு இல்ல, அதான் ஒங்கிட்டயும் சொல்லத் தோணல" என்று தோழி தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த மனுசன்கிட்ட மட்டும் சொல்லிறாதடி. சொன்னா, நேரா போயித் துண்ட அடுத்தவுககிட்டக் குடுத்துட்டு வந்துருவாரு. மாமா ஆசப்பட்டு ஆசப்பட்டுச் செத்தாரு. இவரும் சின்னப்புள்ளையில இருந்து இதுக்குத்தான் காத்துக் கெடக்காரு. நீ வாயத் தொறந்தா நான் நாண்டுக்கிட்டுத்தான் சாகணும்."

அழுதுகொண்டு நின்றவளிடம், சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். சட்டியோடு கொண்டுபோய்த் தென்னைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம். இதற்குள் என் கணவர் ருசி பார்க்கிறேன் என்று ஒரு மீன் துண்டை வாயில் போட்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் பாதி மென்றதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் முழித்த முழியை நினைத்தால் இப்போதுதான் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அடுத்த இரண்டு நாளும் நான் நானாக இல்லை. சீட்டாட்டம் கசந்தது. அண்ணன் எதிரில் வந்தால் குனிந்துகொண்டேன். அவரோ அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்தார். எப்போதும் பேசாத மனிதர், குழந்தைகளைக் கூப்பிட்டுக் கரையில் நிறுத்தி, துண்டை எப்படிச் சுழற்ற வேண்டும் என்று தன் தோள் துண்டை வைத்து ஆடிக் காட்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம். புதுத் துண்டு ஒன்றை அவரே துவைத்து, நீலம் போட்டு, கொடியில் காயப்போட்டு, ஒரு சுருக்கமும் இல்லாமல் கையாலேயே நீவிக்கொண்டிருந்தார். "எங்கப்பா இதுக்குன்னு ஒரு துண்டு வாங்கி வச்சிருந்தாரு தங்கச்சி. பொட்டியிலயே கெடந்து கரையான் அரிச்சுப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. தோழிக்குக் கொடுத்த வாக்கு, அவள் அழுத அழுகை எல்லாம் நினைவில் இருந்தது. ஆனால் நாளைக்கு இந்த மனிதர் எதுவும் தெரியாமல் நெருப்பின் மேல் கை வைத்துப் பொய் சொல்லப் போகிறாரே, அதற்குக் காரணம் நானல்லவா என்று தோன்றியது. அப்படியே போட்டு உடைத்துவிட்டேன். விராலைப் பிடித்தது, குழம்பு வைத்தது, புதைத்தது, எல்லாவற்றையும்.

அவர் துண்டை நீவிக்கொண்டிருந்த கை நின்றது. குளத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு துண்டை நாலாக மடித்தார்.

"சாப்ட்டியளா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லண்ணே. எங்க வீட்டுக்காரரு மட்டும் ஒரு வாய் வச்சாரு. மிச்சத்தப் பொதச்சிட்டோம்."

"அடடா. நல்ல மீனு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த என் தோழி, அன்றைக்கு என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாள் விடிந்தபோது நான் பார்த்த காட்சியை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் மனிதத் தலைகள். வேடசந்தூர், எரியோடு, பேர் தெரியாத எத்தனையோ ஊர்களிலிருந்து வண்டி கட்டி, டிராக்டர் ஏறி, சைக்கிள் மிதித்து வந்திருந்தார்கள். கையில் வலை, மூங்கில் கூடை, சாக்கு, கொசுவலை, பழைய சேலை என்று கிடைத்ததெல்லாம். அவர்கள் காலுக்கு ஒரு அடி முன்னால் தண்ணீர். அதில் மீன்கள் புரண்டு புரண்டு விழுகின்றன. ஆனால் ஒருவர்கூட அந்த ஒரு அடியைத் தாண்டவில்லை. காவலுக்குப் போலீஸ் இல்லை, கயிறு இல்லை. இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்கள்கூட அசையவில்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒரு துண்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை பேர் காத்த கட்டுப்பாட்டைத்தான் நான் ஒரு சட்டிக் குழம்புக்காக உடைத்திருந்தேன்.

கன்னிமார் கோயில் முன்னால் சூடம் எரிந்தது. ஊர்க்காரர் ஒருவர் உரக்கக் கேட்டார்:

"ஒன் வீட்டு அடுப்புல இந்தக் குளத்து மீனு வெந்துச்சா?"

தோளில் அந்த வெள்ளைத் துண்டோடு நின்ற அண்ணன், கையை நெருப்புக்கு மேலே கொண்டுபோகவில்லை.

"வெந்துச்சு" என்றார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "என்னப்பா சொல்ற? யாரு புடிச்சது?" என்று கேட்டார்கள். "அடுப்பு என்னோடது. அம்புட்டுத்தான்" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், "நான்தான் புடிச்சேன். எனக்குத் தெரியாது. இவுக யாரும் சாப்பிடக்கூட இல்ல" என்று அழுதேன்.

நான் பயந்தபடி யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "வெளியூருக்காரப் பொண்ணு, வெவரம் தெரியாமச் செஞ்சது. நீயே வீசுப்பா, பரவால்ல" என்று பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் அண்ணனிடம் சொன்னார்கள். எனக்கு உயிர் வந்தது. அவர் தலையாட்டினால் போதும்.

அவர் சிரித்தார். "தெரிஞ்சு வெந்துச்சா, தெரியாம வெந்துச்சான்னா கேட்டிய? வெந்துச்சானுதான கேட்டிய" என்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து, அடுத்த முறைக்காரரின் தோளில் போட்டார். அந்த மனிதர் வாங்கத் தயங்கிப் பின்னால் நகர்ந்தார். அண்ணன் விடவில்லை. துண்டு சரிந்துவிடாமல் அவர் தோளில் அழுத்தி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகப் போய்த் தண்ணீர் ஓரத்தில் நின்றார்.

துண்டு சுழன்றது. அடுத்த நொடி எழுந்த சத்தம் இருக்கிறதே, அணை உடைந்த மாதிரி நாலு பக்கமும் ஜனம் தண்ணீருக்குள் பாய்ந்தது. சேறு பறந்தது. "ஏலே, இந்தப் பக்கம் வாடா", "அமுக்கு, அமுக்கு" என்று ஒரே கூச்சல். அதற்கு நடுவில் அண்ணனைத் தேடினேன். இடுப்பளவுத் தண்ணீரில் என் கணவரையும் இழுத்து விட்டுக்கொண்டு, முகமெல்லாம் சேறோடு, ஒரு கெண்டையைக் கோட்டைவிட்டுவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். எதையோ இழந்த மனிதரின் முகமாக அது இல்லவே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை நிற்கவில்லை.

பக்கத்தில் யாரோ என் கையில் ஒரு கூடையைத் திணித்தார்கள். திரும்பினால் என் தோழி. அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"அழுதது போதும். எறங்குடி" என்றாள்.

மதியம் எல்லாரும் குளித்துவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது, அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் அப்பா கண்ட கனவை நான் கெடுத்துவிட்டேன் என்றேன்.

"துண்டு போச்சேன்னு ராத்திரி கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு தங்கச்சி, இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா நீ சொல்லாம இருந்திருந்தா, இந்தக் கையி பொய்ச் சத்தியம் பண்ணிருக்கும். நீ சொன்னதாலதான தப்பிச்சேன்?"

என்னால் அத்தனை பெரிய பாக்கியத்தை இழந்த மனிதர், எனக்கு நன்றி சொல்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் மழை சரியில்லை. குளம் நிறைந்த ஒன்றிரண்டு வருடங்களிலும் முறை மற்றக் குடும்பங்களுக்குத்தான் போனது. அண்ணனுக்கு இன்னும் திரும்பி வரவில்லை. இனி வருமா என்றும் தெரியவில்லை. அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்குத்தான் உறுத்துகிறது. அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

நான் ஒன்றும் அன்றோடு அரிச்சந்திரனின் தங்கை ஆகிவிடவில்லை. இன்றைக்கும் அவசரத்துக்கு ஒன்றிரண்டு மழுப்பல்கள் வரத்தான் செய்கின்றன. ஆனால் "தெரியாமல் நடந்துவிட்டது" என்று சொல்லி நழுவப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், "வெந்துச்சு" என்று ஒரே வார்த்தை சொல்லி, ஊரே மன்னித்த பிறகும் தன்னைத் தான் மன்னித்துக்கொள்ளாமல் துண்டை இறக்கிக் கொடுத்த அந்த மனிதரின் முன்னால் நான் மிகவும் சிறியவளாகிப் போகிறேன்.