அடிக்காத தந்தி

எண்பதுகளின் தொடக்கத்தில் டில்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். நான் மத்திய அரசு குமாஸ்தா. யார் எதைச் சொன்னாலும் "இதெல்லாம் நடக்காது சார்" என்பேன். அதனால் எங்கள் செக்‌ஷன் ஆபீசர் என்னை 'சினிக்' என்று கூப்பிடுவார். விவரமானவன், லேசில் ஏமாறாதவன் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டு பெருமையாகத் திரிந்தேன். என்னத்தைச் சொல்ல!

ஒரு நாள் சென்னையிலிருந்து தங்கை ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டாள். வலிப்பு வரும் குழந்தை அவளுடையது. மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. அங்கே எந்தக் கடையிலும் இல்லை, கையில் மூன்று நாளைக்குத்தான் இருக்கிறது என்று அழுதாள்.

டில்லியில் கிடைத்தது. அன்று மாலையே மனைவியோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அப்போதெல்லாம் டில்லித் தமிழர்களின் வழக்கம் அதுதான். மெட்ராஸ் வண்டியில் ஒட்டியிருக்கும் ரிசர்வேஷன் சார்ட்டில் தமிழ்ப் பெயராகத் தேடி, முன்பின் தெரியாதவரிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிடுவோம். ஊரில் இருப்பவர்கள் சென்ட்ரலுக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள்.

எங்களுக்கு வாய்த்தவர் காலில் கட்டுப் போட்ட ஒரு மனிதர். "அச்சா, வைங்க" என்றார், அரைத் தூக்கத்தில். பொட்டலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பொரிந்து தள்ளினேன். "இந்த ஆளா கொண்டு குடுப்பான்? போபால் வர்றதுக்குள்ள மறந்துடுவான், பாரு."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? கோச் நம்பர், சீட் நம்பரைப் போட்டு உங்க மாப்பிள்ளைக்குத் தந்தி அடிங்க. அதைச் செய்யுங்க முதல்ல."

மறுநாள் தந்தி ஆபீஸ் வரை போனேன். நீளமான வரிசை. போய்ச் சேரப்போகாத பொட்டலத்துக்கு எதற்குத் தந்தி என்று, இன்னொரு பட்டை மாத்திரை வாங்கி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன். மனைவி கேட்டபோது, "அடிச்சாச்சு, அடிச்சாச்சு" என்றேன்.

பத்து நாள் கழித்துத் தங்கையின் கடிதம் வந்தது. மனைவிதான் உரக்கப் படித்தாள்.

"அண்ணா, ஏன் ஒரு தந்தி குடுக்கலை? யாராவது வருவாங்கன்னு அந்த மனுஷன் புண்ணுக் காலோட பிளாட்பாரத்துல ஒண்ணரை மணி நேரம் நின்னிருக்கார். அப்புறம் பொட்டலத்து மேல எழுதியிருந்த விலாசத்தைப் பார்த்து, ரெண்டு பஸ் மாறி வீட்டுக்கே வந்துட்டார். கடைசி மாத்திரையை அன்னிக்குக் காலையிலதான் பாப்பாவுக்குக் குடுத்திருந்தேன். உங்க தபால் நேத்துதான் வந்துச்சு."

மனைவி கடிதத்தை மடித்தாள். "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் சந்தேகப்பட்டீங்களே! நான் உங்களைச் சந்தேகப்பட்டிருக்கணும். எனக்குத்தான் புத்தியில்ல."

எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. மறுநாள் ஆபீஸ் அகராதியில் 'சினிக்' என்ற அந்தச் சொல்லைத் தேடினேன். சுயநலம் இல்லாமல் எவரும் எதையும் செய்ய மாட்டார் என்று நினைப்பவன் என்று போட்டிருந்தது. விவரமானவன் என்று எங்கேயும் இல்லை.

இன்றும் "இதெல்லாம் நடக்காது" என்று சொல்ல வாயெடுத்தால் அந்தக் கட்டுப் போட்ட கால் ஞாபகத்துக்கு வருகிறது. அந்தக் குழந்தையின் மாத்திரை விஷயத்தில் சொன்னதைச் செய்யாத ஒரே ஆள் நான்தான் என்பதும் கூடவே வருகிறது.